வணிகக் கலாசாலையின் வாயிலும் வேற்றுத்துறை மாணவரும்

வணிகத்தைக் கடையிலே கற்பதன்றிக் கலாசாலையிலே கற்பதென்பது நம் முன்னோர் கேளாத செய்தி. கொள்வதை மிகையாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறையாகக் கொடாமலும் வாழ்ந்த காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை போற்றுகின்றது. ஆயின் அவ்வணிகர் எங்கே பயின்றனர் என்பதை அந்நூல் கூறவில்லை. கூறவேண்டிய தேவையும் அன்று இருந்ததில்லை. தந்தையின் பண்டசாலையே மைந்தனுக்குப் பள்ளி. யாழ்ப்பாணத்திலிருந்து தென்னிலங்கைப் பட்டினங்களுக்குக் கடைச் சிப்பந்திகளாகச் சென்ற இளைஞரும், முதலாளியின் கண்பார்வையிலே நிறுக்கவும் அளக்கவும் பேரேடு எழுதவும் பழகிய பின்னரே தாமும் முதலாளிகளாயினர். இத்தகைய தொழிலைப் பல்கலைக்கழகம் தன் பாடங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டதும், ஏற்றபின் அதன் வாயிலிலே யாரை உள்ளே விடுவது, யாரைப் புறத்தே நிறுத்துவது என்னும் வினா எழுந்ததும், கடந்த இரு நூற்றாண்டுகளுக்கு உட்பட்ட வரலாறாகும்.

அவ்வரலாற்றை ஆராயுமாறு எம்மைத் தூண்டியவர் எம் பழைய மாணவர் ஒருவர். அவர் தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்று பட்டம் பெற்றவர். சில ஆண்டுகள் கிராமப் பாடசாலையொன்றிலே கற்பித்தவர். பின்னர் நலிவுற்றிருந்த கூட்டுறவுச் சங்கமொன்றின் முகாமையாளராகி, அதனை மெல்ல மெல்ல நிமிர்த்தியவர். வெளிநாட்டு வணிகக் கலாசாலையொன்றுக்கு விண்ணப்பிக்க விரும்பிய அவர், ஒரு மாலைப்பொழுதில் எம் இல்லத்துக்கு வந்து, “சேர், கணக்கீடும் படிக்காத, பொருளியலும் படிக்காத என்னை அவர்கள் ஏறெடுத்தும் பார்ப்பார்களா?” என வினவினார். மின்னொளி அற்றிருந்த தொண்ணூறுகளிலே போத்தல் விளக்கின் முன் படித்துப் பாடசாலைக் கல்வியை முடித்து, பின்னர் ஆசிரியப் பணியிலிருந்தவாறே வெளிவாரிப் பரீட்சார்த்தியாகப் பட்டம் பெற்ற எமக்கு, அவ்வினாவின் உள்ளே மறைந்திருந்த அச்சம் புதியதன்று. நேர்வழியால் வாராதவன் தன் வழியைப் பற்றி நாணுகின்றான். அந்நாணத்துக்கு நியாயம் உண்டோ என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வணிகக் கலாசாலையின் தோற்றம்

ஐரோப்பாவிலே வணிகத்துக்கெனத் தனிக் கலாசாலை தோன்றியது 1819ஆம் ஆண்டிலாகும். பாரிசு நகரில் நிறுவப்பட்ட அக்கலாசாலையோடு பொருளியலறிஞர் ஜீன் பற்றிஸ்ட் சே தொடர்பு பூண்டிருந்தார். ஆயினும் பல்கலைக்கழகத்தின் உள்ளே வணிகக் கல்விக்கு நிலையான இடம் கிடைத்தது ஐக்கிய அமெரிக்காவிலே எனலாம். 1881இல் ஜோசப் வார்ட்டன் என்னும் தொழிலதிபர் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துக்கு 100,000 டொலர் நன்கொடை வழங்க, அவர் பெயராலே அங்கு வணிகக் கலாசாலை எழுந்தது. நிக்கலும் இரும்பும் உற்பத்தி செய்து பெரும் பொருளீட்டிய இவர் தாம் பல்கலைக்கழகத்திற் பயின்றவரல்லர். இளமையிலே வணிக நிலையமொன்றிற் பயிலுநராயமர்ந்து கணக்கெழுதக் கற்றவர். தாம் கற்ற அப்பழைய முறை இனிவருங் காலத்துக்குப் போதாதென்பதைத் தம் அநுபவத்தாலே உணர்ந்தமையே அவரது கொடைக்குக் காரணம்.

1900ஆம் ஆண்டில் டார்ட்மத் கல்லூரியிலே டக் கலாசாலை தோன்றியது. பொதுக் கல்வியிற் சில ஆண்டுகள் பயின்று தேறியோரையே அது வணிகக் கல்விக்கு ஏற்றது. 1908இல் நிறுவப்பட்ட ஹாவார்ட் வணிகக் கலாசாலை இன்னும் ஒருபடி சென்று, முதற்பட்டம் பெற்றவர்க்கே உரிய வணிக நிருவாக முதுமாணிப் பட்டத்தை உலகுக்கு அறிமுகப்படுத்திற்று. இங்கே நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. முதற்பட்டம் வேண்டுமென்று விதித்த அக்கலாசாலை, அப்பட்டம் வணிகத்துறைப் பட்டமாயிருத்தல் வேண்டுமென்று விதிக்கவில்லை. இலக்கியம் கற்றவனும், வரலாறு கற்றவனும், பொறியியல் கற்றவனும் ஒரே வகுப்பில் அமரலாமென்பதே தொடக்கம்முதல் இருந்த ஏற்பாடு. அக்கலாசாலையின் முதற் பீடாதிபதியாகிய எட்வின் கே என்பவரும் வணிகரல்லர். அவர் ஜெர்மனியிலே பயின்ற பொருளாதார வரலாற்றாசிரியர். இங்கிலாந்தின் நில அடைப்புக்களைப் பற்றி ஆராய்ந்தவர். வரலாறு கற்பிப்போராகிய நாம் இதனை எண்ணிச் சிறிது மகிழ்வதிற் பிழையில்லை.

உரையாடலால் உயர்ந்த கல்விமுறை

கே அவர்களை அடுத்து 1919இற் பீடாதிபதியான வாலஸ் டொனம், சட்டம் பயின்று வங்கித் தொழிலில் ஈடுபட்டவர். ஹாவார்ட் சட்டக் கலாசாலையிலே லாங்டெல் என்னும் பேராசிரியர் 1870ஆம் ஆண்டினை அடுத்துப் புகுத்திய, வழக்குகளை முன்வைத்துக் கற்பிக்கும் முறையை வணிகக் கல்விக்கும் உரியதாக்கியவர் இவரே. இம்முறைக்கெனக் கோப்லண்ட் என்னும் ஆசிரியர் சந்தைப்படுத்தல் பற்றித் தொகுத்த நூல் 1920இல் வெளிவந்தது. உண்மையாக ஒரு நிறுவனத்தில் எழுந்த சிக்கலை மாணவர் முன் வைத்து, “நீர் இதன் தலைவராயின் யாது செய்வீர்?” என்று ஆசிரியர் கேட்பார். மாணவர் விடை கூறுவர், பிறர் மறுப்பர், வாதம் வளரும், முடிந்த முடிபு என ஒன்றை ஆசிரியர் எழுதிக்கொடுப்பதில்லை.

வேற்றுத்துறை மாணவனுக்கு இடமளித்தவற்றுள் இம்முறையும் முதன்மையானது என்பது எம் கருத்து. ஓர் எடுத்துக்காட்டாற் காண்போம். கிராமத்துக் கூட்டுறவுக் கடையொன்றின் விற்பனை வீழ்ச்சியுறுகின்றது எனக் கொள்வோம். கணக்கீடு கற்றவன் இருப்பிலுள்ள பண்டம் விலைப்படாது தேங்குவதைக் காண்பான். பொருளியல் கற்றவன் அயலிலுள்ள தனியார் கடையின் விலையோடு ஒப்பிடுவான். அவ்வூரிலே ஆசிரியனாயிருந்தவனோ, சங்கத் தலைவருக்கும் ஊராருக்கும் மூண்ட மனக்கசப்பினாலே மக்கள் அக்கடையின் படியேறுவதில்லை என்பதை அறிவான். மூவரும் ஒருங்கிருந்தாலன்றி உண்மை முழுமையாகப் புலப்படாது. வகுப்பிலுள்ளோர் அனைவரும் ஒரே கல்வியும் ஒரே அநுபவமும் உடையராயின், வாதம் நிகழாது. ஒரு குரலே பல வாய்களிலிருந்து ஒலிக்கும். ஆகவே, பல்வேறு துறையினரைச் சேர்த்துக்கொள்ளுதல் கலாசாலை அவர்க்குச் செய்யும் தருமமன்று. அது தன் கல்விக்குத் தானே தேடிக்கொள்ளும் உரமாகும்.

போர்வீரர் புகுந்த காலம்

பாடத்தாற் பரந்திருந்த இவ்வாயில், வேறு வகைகளாற் குறுகியே இருந்தது. உயர்கல்விக்குப் பணஞ் செலவிடக்கூடிய குடும்பத்தாரின் மைந்தரே பெரும்பாலும் உட்புகுந்தனர். இரண்டாவது உலகப் போரின் இறுதிக்காலத்தில், 1944 யூன் 22ஆம் நாள், சனாதிபதி ரூஸ்வெல்ற் ஒப்பமிட்ட படைவீரர் மறுவாழ்வுச் சட்டம் இந்நிலையை மாற்றிற்று. போரினின்று மீண்டோரின் கல்விக் கட்டணத்தையும் வாழ்க்கைப்படியையும் அரசே வழங்கியது. இச்சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 78 இலட்சம் பேர் ஏதேனுமொரு கல்வியோ பயிற்சியோ பெற்றனர். அவர்களுள் ஏறத்தாழ 22 இலட்சம் பேர் கல்லூரிகளையும் பல்கலைக்கழகங்களையும் அடைந்தனர். 1947ஆம் ஆண்டிலே கல்லூரிகளிற் சேர்ந்தோருள் ஏறக்குறைய அரைவாசிப்பேர் முன்னைய படைவீரராவர்.

அறிஞர் சிலர் இதனை அஞ்சினர். சிக்காகோப் பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்ஸ், தகுதியற்றோர் திரண்டு வந்து கல்வியின் தரத்தைக் கெடுப்பரென எச்சரித்தார். ஹாவார்ட் தலைவர் கோனன்ற் அவர்களும் ஐயுற்றார். ஆயின் நிகழ்ந்தது வேறு. வயதால் முதிர்ந்து, துன்பத்தால் அடிபட்டு, காலத்தின் அருமையை உணர்ந்து வந்த அவர்கள், வழமையான மாணவரிலும் ஊக்கமுடையராய்ப் பயின்றனர்; கோனன்ற் அவர்களும் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். ஹாவார்ட் வணிகக் கலாசாலையில் 1949ஆம் ஆண்டு வெளியேறிய வகுப்பினருட் பெரும்பாலோர் இத்தகைய வீரரே. பின்னாளிற் பெரிய நிறுவனங்களின் தலைமையை எய்தியோர் பலரை ஈன்றமையால் அவ்வகுப்பு வரலாற்றிற் பெயர்பெற்றது. அதே சட்டத்தின் பயன் கறுப்பின வீரருக்கு வெள்ளையருக்குக் கிடைத்த அளவிற் கிடைக்கவில்லை என்பதையும் இங்கு மறைத்தலாகாது.

தேர்வென்னும் அளவுகோல்

விண்ணப்பிப்போர் தொகை பெருகவே, பல கல்லூரிகளிலிருந்து பல பாடங்களைக் கற்றுவந்தோரை ஒப்பிட்டு நோக்குதற்கு ஒரு பொது அளவுகோல் வேண்டியதாயிற்று. 1953இல் ஒன்பது வணிகக் கலாசாலைகள் கூடி அதற்கான ஏற்பாட்டைத் தொடங்கின. 1954இல் அத்தேர்வு முதன்முறையாக நடைபெற்றது. 1976 தொடக்கம் இது ஜீமட் என்னும் பெயரால் வழங்கி வருகின்றது. கணக்கீட்டு அறிவையோ வணிகச் சட்ட அறிவையோ இத்தேர்வு வினாவவில்லை. மொழியை நுணுகி விளங்கும் ஆற்றலும், எண்களைக் கொண்டு சிந்திக்கும் ஆற்றலுமே அளக்கப்பட்டன. ஆதலின், பெயரறியாக் கல்லூரியிலே இலக்கியம் பயின்றவனும், தன் திறமையைப் பெயர்பெற்ற கல்லூரியிற் பயின்றவனோடு ஒரே தட்டில் வைத்துக் காட்டும் வாய்ப்பைப் பெற்றான்.

நம்மவர்க்கு இத்தகைய வாய்ப்பு அயலானதன்று. இலண்டன் பல்கலைக்கழகம் தன் இணைக் கல்லூரிகளிற் பயிலாதோரும் பரீட்சை எழுதிப் பட்டம் பெறலாமென 1858ஆம் ஆண்டுச் சாசனத்தாலே வழிதிறந்தது. எங்கே படித்தாய் என்று கேளாமல், யாது அறிவாய் என்று மட்டுங் கேட்ட அப்பரீட்சையினாலேயே இலங்கையின் ஆசிரியர் பலர் பட்டதாரிகளாயினர். ஆயினும் அளவுகோல் எதுவும் முற்றும் நடுநிலையானதன்று. பணங்கொடுத்துப் பயிற்சி பெறுவோனும், பகலெல்லாம் உழைத்து இரவிலே தானே படிப்போனும் ஒரே வினாத்தாளைப் பெறுகின்றனர் என்பதனால் இருவரும் சமநிலையினர் ஆகிவிடார்.

1959இல் கோடனும் ஹவலும் போட் நிதியத்தின் ஆதரவிலும், பியர்சன் கானகி நிறுவனத்தின் ஆதரவிலும் வெளியிட்ட இரு பேரறிக்கைகள் அமெரிக்க வணிகக் கல்வியின் குறைகளை எடுத்துரைத்தன. வெறுந் தொழிற் பயிற்சியாகச் சுருங்கிய பாடங்களையும், தளர்ந்த அநுமதி முறைகளையும் அவை கண்டித்தன. கணிதமும், மனித நடத்தை பற்றிய அறிவியல்களும், பரந்த கலைக்கல்வியும் வணிகத் தலைவனுக்கு வேண்டியன என்று வற்புறுத்தின. வணிகம் பயில்வோனுக்கு வணிகத்தின் புறத்தேயுள்ள கல்வியும் தேவை என்பது இவ்வாறு ஆராய்ச்சியாலும் நிலைநாட்டப்பட்டது.

மூடியிருந்த கதவுகள்

துறையாலன்றிப் பிறப்பாலே புறத்தே நிறுத்தப்பட்டோர் வரலாறு இதனினும் உருக்கமானது. பெண்களுக்கென ராட்கிளிப் கல்லூரி 1937இல் ஆளணி நிருவாகப் பயிற்சியொன்றைத் தொடங்கியது. அது வளர்ந்து, 1959 தொடக்கம், அங்கு பயின்று தேறிய பெண்கள் ஹாவார்ட் வணிகக் கலாசாலையின் இரண்டாம் ஆண்டிற் சேரலாமென்ற நிலை எய்திற்று. 1963இலேயே எட்டுப் பெண்கள் முதலாம் ஆண்டிலே நேராக அநுமதிக்கப்பட்டனர். கலாசாலை தோன்றி 55 ஆண்டுகள் கழிந்த பின்னரே இக்கதவு திறந்ததென்பது கருதத்தக்கது.

நெயிலர் பிட்ஸ்ஹியூ என்னும் கறுப்பின இளைஞர் 1933இல் அக்கலாசாலையிலே முதுமாணிப் பட்டம் பெற்றார். பட்டம் பெற்றும் எந்தப் பெரிய நிறுவனமும் அவருக்குத் தக்க பதவி அளிக்கவில்லை. அவர் வாசிங்டன் நகரத்து ஹோவார்ட் பல்கலைக்கழகத்திலே ஆசிரியராகி, முப்பதாண்டுகள் வணிகக் கல்வி புகட்டினார். அவர் பெறாத பயனை அவர் மாணவர் பெற்றனர். அவர்களுள் ஒருவர் லிலியன் லிங்கன். வேர்ஜீனியாவின் நாட்டுப்புறத்திலே 1940இற் பிறந்த இப்பெண்மணி, பாடசாலைக் கல்வி முடித்ததும் நியூயோர்க் சென்று செல்வர் மனையிலே பணிப்பெண்ணாக உழைத்தார். இருபது வயது கடந்த பின்னரே பல்கலைக்கழகம் புகுந்தார். ஹாவார்டுக்கு விண்ணப்பிக்குமாறு அவரைத் தூண்டியவர் ஆசிரியர் பிட்ஸ்ஹியூவே. 1967இற் சேர்ந்து 1969இல் வெளியேறிய அவர், அக்கலாசாலையில் முதுமாணிப் பட்டம் பெற்ற முதற் கறுப்பினப் பெண்ணாவார். அங்கு பயிலும்போதே, தம் இனத்து மாணவர் தொகையைப் பெருக்கும் பொருட்டுச் சக மாணவர் சிலருடன் 1968இற் சங்கமொன்றை நிறுவினார். 1976இற் கட்டடங்களைத் துப்புரவு செய்யும் நிறுவனமொன்றைத் தொடங்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வேலை வழங்கும் அளவுக்கு வளர்த்தார். பிறர் மனையைத் துடைத்த கைக்குத் துப்புரவுத் தொழிலின் நுட்பமும் அதிலுழைப்போரின் மனமும் தெரிந்திருந்தன. கலாசாலை அவருக்குக் கணக்கைக் கற்பித்தது. அவர் அறிந்திருந்த இதனைக் கற்பிக்க எந்தக் கலாசாலையாலும் இயலாது.

ஆசியாவில் வணிகக் கல்வி

அயல்நாடாகிய இந்தியாவிலே 1961ஆம் ஆண்டிற் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் முகாமைத்துவ நிறுவனங்கள் எழுந்தன. அகமதாபாத் நிறுவனத்தை உருவாக்கித் தொடக்கத்திலே நடத்திய விக்கிரம் சாராபாய் பௌதிகவியல் அறிஞர். இந்திய விண்வெளி ஆராய்ச்சியின் தந்தையெனப் போற்றப்படுபவர். 1965இல் அதன் முழுநேர இயக்குநரான ரவி மத்தாய், தொழிற்றுறையிலிருந்து கல்வித்துறைக்கு வந்தவர். அங்கு தொடக்க காலத்திற் பயின்றவருள் ஒருவர் கோயம்புத்தூரிற் பிறந்த சி. கே. பிரகலாத். சென்னை லொயோலாக் கல்லூரியிலே பௌதிகவியல் பயின்று, தொழிற்சாலையொன்றிற் சில ஆண்டுகள் பணியாற்றிய பின்னர் அகமதாபாத் சென்ற அவர், 1975இல் ஹாவார்டிலே கலாநிதிப் பட்டம் பெற்று, உலகப் புகழ்பெற்ற முகாமைத்துவப் பேராசிரியரானார். வறியோரையும் வாங்குவோராக மதித்து வணிகம் நிகழவேண்டுமென அவர் எடுத்துரைத்த கருத்து உலகெங்கும் ஆராயப்பட்டது. நம் நாட்டிலும் 1986இல் முகாமைத்துவப் பட்டப்பின் கல்வி நிறுவகம் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து அமைக்கப்பட்டது.

இன்றைய நிலை

இன்று வாயில் முன்னையிலும் அகன்றுள்ளது. ஜீமட் தேர்வுக்குப் பதிலாக, ஏனைய துறையினர் எழுதும் ஜீஆர்ஈ தேர்வின் பெறுபேற்றையும் பல கலாசாலைகள் ஏற்கின்றன. ஹாவார்ட் 2009இல் அதனை ஏற்றது. கலைத்துறையிலும் அறிவியலிலும் இறுதியாண்டிற் பயில்வோர்க்கு முன்கூட்டியே இடமளித்து, சில ஆண்டுகள் வேலை செய்து வருமாறு அனுப்பும் திட்டத்தை அக்கலாசாலை 2007இல் அறிவித்தது. ஜீமட் தேர்வும் 2023இற் புத்துருப் பெற்று, கட்டுரைப் பகுதி நீங்கித் தரவுகளை ஆராயும் பகுதி சேர்ந்துள்ளது. ஆயினும், ஆலோசனை நிறுவனங்களிலும் வங்கிகளிலும் பணியாற்றியோரே பல கலாசாலைகளிற் பெருந்தொகையினராக உள்ளனர் என்பதும், கட்டணம் நம்மனோர்க்கு மலையாக நிற்கின்றது என்பதும், உதவிநிதி பெறாது புறப்படுதல் குடும்பத்தைக் கடனில் ஆழ்த்தும் என்பதும் உண்மையே. வாயில் திறந்திருத்தல் வேறு. வழிச்செலவு கையிலிருத்தல் வேறு.

எம் மாணவருக்கு யாம் கூறியன மூன்று. முதலாவது, கணிதத்தைக் கண்டு ஒதுங்கலாகாது. தேர்வின் எண் பகுதியிலே நல்ல புள்ளி பெறுவதோடு, கணக்கீடு, புள்ளிவிபரவியல் ஆகியவற்றில் அடிப்படைப் பாடமொன்றேனும் முன்னதாகப் பயின்று சான்று காட்டல் வேண்டும். வேற்றுத்துறையினனைப் பற்றித் தேர்வாளருக்கு எழும் முதல் ஐயம் அதுவேயாதலின், அதனை வாதத்தாற் போக்க முடியாது, பெறுபேற்றினாலேயே போக்கலாம். இரண்டாவது, சிபாரிசுக் கடிதம் பெரியாரிடமிருந்து வரவேண்டுமென்பதில்லை. அவரது வேலையை அருகிருந்து கண்டவரிடமிருந்து வரவேண்டும். மூன்றாவது, தம் கதையை மறைத்தலாகாது.

மூன்றாவதைக் கூறுதற்குக் காரணமுண்டு. அவர் முதலில் எழுதிக்கொண்டு வந்த விண்ணப்பக் கட்டுரையிலே, ஆசிரியராயிருந்த ஆண்டுகள் ஒரே வரியில் அடக்கப்பட்டிருந்தன. கூட்டுறவுச் சங்கம் “சில்லறை வணிக நிறுவனம்” என மாறுவேடம் பூண்டிருந்தது. எஞ்சிய பக்கங்களெல்லாம் எங்கிருந்தோ கற்ற பெருஞ் சொற்கள். அதனைப் படித்து முடித்த யாம், “தம்பி, இதை எழுதியவரை எனக்குத் தெரியாது” என்றோம். அவர் நெடுநேரம் வாளாவிருந்தார். பின்னர், சங்கத்துக்கு வரவேண்டிய கடன்களைத் தண்டுவதற்கு வீடுவீடாகச் சென்றபோது, தம்மிடம் முன்பு படித்த பிள்ளைகளின் பெற்றோரே அக்கடன்காரராயிருந்ததையும், ஒருவரையும் அவமதியாது தவணை முறை வகுத்துத் தண்டியதையும், ஆண்டிறுதிக்குள் நிலுவையின் பெரும்பகுதி திரும்பியதையும் சொன்னார். “அதை எழுதும்” என்றோம். “அதெல்லாம் ஒரு விசயமா, சேர்?” என்றார். கடன்கொடுத்தவனும் கடன்பட்டவனும் ஓரூரில் முகம்பார்த்து வாழவேண்டிய நிலையிலே நட்டத்தை நிமிர்த்துதல் ஒரு விடயமன்றாயின், முகாமைத்துவம் என்று கற்பிக்கப்படுவது யாதென எமக்குத் தெரியவில்லை.

வரலாறு அவர் வினாவுக்குத் தரும் விடை தெளிவானது. வணிகக் கலாசாலையை நிறுவியோர் பயிலுநராயிருந்து உயர்ந்தோரும், வரலாற்றாசிரியரும், சட்டம் பயின்றோரும், பௌதிகவியலாரும் ஆவர். அதன் புகழை வளர்த்தோருட் போரினின்று மீண்டோரும் பணிப்பெண்ணாயிருந்தோரும் உளர். வேற்றுத்துறையினர் அங்கே விருந்தினரல்லர், தொடக்கம்முதல் வீட்டாரே. வீட்டுக்குரியவன் வெறுங்கையோடு வரலாகாது என்பது மாத்திரமே நிபந்தனை. தன் துறையிலே தான் உண்மையாகக் கண்டதைக் கொண்டுவருதல் வேண்டும். தன்னிடம் இல்லாததை வருந்தித் தேடிக்கொள்ளுதலும் வேண்டும்.

அம்மாணவர் கட்டுரையை முற்றும் திருத்தி எழுதி, இரவுதோறும் கணிதம் பயின்று, தேர்வும் எழுதி, இவ்வாண்டு விண்ணப்பம் அனுப்பியுள்ளார். முடிபு இன்னும் வரவில்லை. அது எவ்வாறாயினும், தாம் வந்த வழியைத் தாமே நாணாது எடுத்துரைக்க அவர் கற்றுக்கொண்டார். நம் கல்லூரியிலே கலைப்பிரிவில் அமர்ந்து, “இதைப் படித்து என்ன பயன்?” என்று ஏங்கும் மாணவர் ஒவ்வொருவரும் அறியவேண்டிய செய்தி அதுவேயென எண்ணி இதனை எழுதலாயினோம்.